பழைய காரும் குதிரைச் சட்டமும்

சமயநல்லூர்ப் பக்கத்தில் மாடு வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

அதே வீட்டுப் பேரன் இன்று செல்போனில் பழைய கார் வாங்குகிறான்!

கார் 400 கிலோ மீட்டருக்கு அப்பால் சென்னையில் நிற்கிறது. படத்தில் பளபளக்கிறது. "ஒரே ஓனர். டாக்டர் ஓட்டிய வண்டி" என்று எழுதியிருக்கிறது. (டாக்டர் ஓட்டினால் என்ஜின் தேயாதா, என்ன?)

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்தால் அவையும் பளபளக்கும்.

அதைச் சொல்லாமல் விற்றால் மோசடிதானே?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

குதிரைக்குக் கோளாறு

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. இன்றும் அதுதான் அமலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் காருக்கு எங்கே போவது? குதிரையை உதாரணம் காட்டியிருக்கிறார்கள்.

ஒருவர் ஏலத்தில் குதிரை விற்கிறார். அதற்குக் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடி அல்ல என்கிறது சட்டம்!

வாங்குகிறவர் அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால், தகப்பன் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

மற்றவர்கள் கேட்க வேண்டும். நீங்கள் மறுக்காவிட்டால் நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு விற்கிறவரின் மவுனமும் பேச்சுத்தான்.

ஆகவே வெள்ளத்தில் மூழ்கியதா, விபத்தில் அடிபட்டதா, மீட்டர் சரியா, கடன் பாக்கி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

மீட்டரைத் திருப்பி வைப்பதும், சேற்றுக் கறை தெரியாமல் புது உறை போடுவதும் வேறு விஷயம். அது மவுனம் அல்ல, தெரிந்தே மறைப்பது. மோசடிதான்.

கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? கூடாது. சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறையை, 'அவர் சொல்லவில்லை' என்று காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. இது 19-வது பிரிவு. மெக்கானிக்கோடு நேரில் போங்கள். கால் விரிப்பைத் தூக்கி மண்ணும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். 'எம்பரிவாகன்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு விவரமும் இன்சூரன்ஸ் விவரமும் வரும்.

விற்றவருக்கும் வினை

வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் காரை விற்றார். அது பல கை மாறியது. ஆர்.சி.யில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பாவம், அவர் காரை விற்றுப் பத்து ஆண்டு ஆகியிருந்தது!

ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29, படிவம் 30. சாவி கைமாறும் அன்றே இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.