14 கிலோ கேஸ் எரிந்தால் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு: மோல் கணக்கை ஏன் சமையலறையில் தொடங்க வேண்டும்?

வீட்டுக்கு வரும் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது முழுக்க எரிந்து முடிந்தால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? 14 கிலோவுக்குள்தான் இருக்கும் என்றே தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் வருவது சுமார் 43 கிலோ. கூடவே 22 கிலோ தண்ணீரும் ஆவியாகப் போகிறது.

மாயம் எதுவுமில்லை. கூடுதல் எடை காற்றில் இருக்கும் ஆக்சிஜனிலிருந்து வருகிறது. ஒரு சிலிண்டர் காலியாவதற்குள் ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜனை அடுப்பு இழுத்துக்கொள்கிறது. இதை ஒரு தாளில் நாலு வரியில் போட்டுவிடலாம். பதினோராம் வகுப்பு மாணவர்கள் 'மோல் கணக்கு' என்றதும் மிரள்வது அந்த நாலு வரிக்குத்தான்.

மிரள்வதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. 'கொடுத்த நிறையை மோலார் நிறையால் வகு' என்ற சூத்திரம் முதலில் வருகிறது. எதற்காக வகுக்கிறோம் என்பது பல வகுப்பறைகளில் கடைசி வரை வருவதே இல்லை.

எண்ணுவதா, எடை போடுவதா?

ஹார்டுவேர் கடையில் போல்ட்டை யாரும் ஒவ்வொன்றாக எண்ணித் தருவதில்லை, எடை போட்டுத்தான் தருவார்கள். ஒரு போல்ட் 20 கிராம், ஒரு நட் 5 கிராம், ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ போல்ட்டுக்கு எவ்வளவு நட் வாங்க வேண்டும்? போல்ட் 50 இருக்கும், அதனால் நட் 100 வேண்டும், அதாவது அரைக் கிலோ. எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போய், அங்கே விகிதத்தைப் போட்டு, திரும்ப எடைக்கு வருவது. மோல் கணக்கும் அவ்ளோதான்.

வேதிச் சமன்பாடு பேசுவது எண்ணிக்கையில். தராசு பேசுவது கிராமில். 'இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்து தண்ணீர்' என்பதை 2 கிராமுக்கு 1 கிராம் என்று படித்தால் எல்லாமே கோணலாகிவிடும். உண்மையில் 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் மோலார் நிறை. மோல் என்பதும் டஜன் மாதிரி ஓர் எண்ணிக்கை. டஜன் என்றால் 12. மோல் என்றால் 6.022-க்குப் பின்னால் 10-ன் 23-ஆம் அடுக்கு. (முன்பு இது 12 கிராம் கார்பனை வைத்து வரையறுக்கப்பட்டது. 2019 மே 20 முதல் நேரடியாக ஓர் எண்ணாகவே நிர்ணயித்துவிட்டார்கள். மாணவர்களுக்கும் இதுதான் புரிய எளிது.)

இப்போது சிலிண்டருக்கு வரலாம். அதில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. கணக்குக்காக முழுக்கப் பியூட்டேன் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். மோலார் நிறை 58 கிராம். 14,200-ஐ 58-ஆல் வகுத்தால் சுமார் 245 மோல். ஒவ்வொரு மோலும் 4 மோல் கார்பன் டை ஆக்சைடு தருவதால் மொத்தம் 980 மோல். அதன் மோலார் நிறை 44. பெருக்கினால் 43 கிலோ. புரொப்பேனை வைத்துப் போட்டாலும் விடை பெரிதாக மாறாது.

குளியலறையில் இதே கணக்கு

இதே பாடத்தில் 'வினைக் கட்டுப்பாட்டுக் காரணி' என்று ஒரு பகுதி வரும். எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் வினையை நிறுத்தும். தேர்வில் கேட்பார்கள், மனப்பாடம் செய்து எழுதுவார்கள், அடுத்த நாள் மறந்துபோகும். கேஸ் கீசர் வைத்த குளியலறையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பதும் இதே பகுதிதான்.

5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம். கதவும் ஜன்னலும் மூடிய அப்படியொரு அறையில் சுமார் 6,800 லிட்டர் காற்று இருக்கும். சாதாரண வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.5 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். ஆக, 277 மோல் காற்று. அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 58 மோல். ஒரு மோல் பியூட்டேன் முழுதாக எரிய 6.5 மோல் ஆக்சிஜன் தேவை. 58-ஐ 6.5-ஆல் வகுத்தால் 9 மோல் கேஸ் வருகிறது. எடையில் சுமார் 520 கிராம்.

அதாவது, வெறும் அரைக் கிலோ கேஸ் அந்த அறையின் ஆக்சிஜன் முழுவதையும் தின்றுவிடும். இதில் ஒரு பகுதி போனாலே உள்ளே இருப்பவருக்கு ஆபத்து. தீயும் ஆக்சிஜன் முழுதாகத் தீரும்வரை ஒழுங்காக எரியாது. பற்றாக்குறை வந்ததும் கார்பனில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடாக மாறத் தொடங்கும். கார்பன் எல்லாமே அப்படி மாறினால், ஒரு மோல் பியூட்டேனுக்கு 4.5 மோல் ஆக்சிஜனே போதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்குக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு டேப்பும் கால்குலேட்டரும் போதும். அப்படியிருக்க, மாணவர்கள் ஏன் பெயர் மட்டும் தெரிந்த ஏதோ ஒரு உப்பின் 10 கிராமில் எத்தனை மோல் என்று கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்? மதிப்பெண்ணுக்கு அது வசதி, திருத்துவதும் சுலபம் என்பதைத் தாண்டி நல்ல காரணம் எதுவும் இல்லை. 'குறுக்குவழி' விற்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் அதுவே வசதி. பாடத்தை மாற்றக்கூட வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும். வீட்டுக் குளியலறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து வரச் சொல்லி, கீசர் எவ்வளவு கேஸ் எரித்தால் அங்கே ஆக்சிஜன் தீரும் என்று அடுத்த நாள் கேட்கலாம்.