மாதாவின் நூல் புடவை

உக்கடத்தில், மேம்பாலத்தின் நிழல் விழும் சந்து ஒன்றில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். சுவரில் பழனியாண்டவரும், மெக்கா படமும், முள்முடி சூடிய யேசுநாதரும் அடுத்தடுத்துத் தொங்குகிறார்கள். அவர்களுக்குள் சண்டை நடந்ததாகத் தகவல் இல்லை. என் தகப்பனாரின் பழைய போட்டோவுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில், சென்ற மாதம் நான் கண்ட காட்சி இன்னும் மனசை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஓர் அம்மாள் சட்டம் போட்ட படமொன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். ஓவியம் படிக்கும் அவள் மகன் வரைந்ததாம். மேரி மாதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நல்ல கறுப்பு. சாயம் போன நூல் புடவை. ஷிப்டு முடிந்து மில் கேட்டைவிட்டு வெளியே வருகிறவளின் அலுப்பு நிற்கிற நிலையிலேயே தெரிகிறது. தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. அந்தப் பஞ்சுத் தூசியில் வெயில் பட்டு மின்னுவதையே ஒளிவட்டமாக்கியிருந்தான் பையன். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்குது அம்மிணி, கண்ணாடி ஏதாச்சும் விட்டுப்போச்சா?" என்றார் பெரியவர்.

"இல்லீங் பாய். ஜெபத்துக்கு வந்தவங்க எல்லாம் பேசிப்போட்டாங்க. மாதாவை வேலைக்காரியாட்டமா வரையறதுன்னு. இதை எடுத்துப்போட்டு இதை வெச்சுக் குடுங்க."

பையிலிருந்து ஓர் அச்சுப் படம் வெளியே வந்தது. ரோஜா நிறக் கன்னம், நீலக் கண், நீலப் போர்வை.

வேலைக்காரியாட்டம்! நாசரேத்துத் தச்சனின் மனைவி வேறு யாராட்டம் இருந்திருப்பாளாம்?

'உனக்கு எதற்கு ஐயா இந்த வம்பு? நீ கிறிஸ்தவன்கூட இல்லையே' என்று சிலர் கேட்பார்கள். இதே கோயமுத்தூரில் 1911-ல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரும் கிறிஸ்தவர் அல்லர்தான். பிற்காலத்தில் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்து, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் உண்டாக்கிய அந்த மனிதர், 1951-ல் 'சமாதானம் செய்கிறவர்கள் பாக்கியவான்கள்' என்று ஒரு சித்திரம் தீட்டினார். யேசுநாதர் அவரையும் விடவில்லை. என்னை மட்டும் ஏன் விட வேண்டும்?

மரபு என்கிறார்கள். எந்த மரபு? ரோமாபுரியின் சுரங்கக் கல்லறைகளில், 3-ஆம் நூற்றாண்டுச் சுவர்களில், அவர் மீசையும் தாடியும் இல்லாத இளம் இடையன். தோளில் ஓர் ஆடு. பைஸாந்தியர்கள் அவரைச் சக்ரவர்த்தியாக்கினார்கள். பிளெமிஷ் ஓவியர்களோ மாதாவைத் தங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார வைத்து, ஜன்னல் வழியாகத் தங்கள் ஊரைக் காட்டினார்கள். ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாமில் தன் அக்கம்பக்கத்து யூத வாலிபன் ஒருவனை எதிரே உட்கார வைத்துக் கிறிஸ்துவின் முகத்தை வரைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம்மில் பலர் வீட்டில் 'அசல் யேசுநாதர்' என்று கும்பிடுகிற படம்? 1940-ல் சிக்காகோ நகரத்து விளம்பரச் சைத்ரிகர் வார்னர் ஸால்மன் வரைந்தது! கோடி கோடியாக அச்சாகி வந்ததால் அசலாகிவிட்டது.

அந்த அச்சுப் படத்தின் மேல் எனக்குத் துவேஷம் இல்லை. அதன் முன்னால் ஆயுள் முழுவதும் அழுது ஆறுதல் பெற்ற பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அதைக் கழற்று என்று சொல்ல நான் யார்? ரவிவர்மாவின் அச்சகம் தந்த லக்ஷ்மியை விட்டால் வேறு லக்ஷ்மி தெரியாத நாம் இதில் யாரையும் கேலி செய்வதற்கில்லை. யேசுநாதருக்குக் காவி கட்டிப் பத்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு, 'இதோ, இந்தியராக்கிவிட்டோம்' என்று திருப்திப்படும் கனவான்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தியா முழுவதும் சந்நியாசிகளா இருக்கிறார்கள்?

புடவையா குற்றம்? அப்படியும் தோன்றவில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்குப் பட்டுப் புடவை சாத்துகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். அவளும் புடவையில்தான் நிற்கிறாள். பட்டாக இருந்தால் பக்தி, நூலாக இருந்தால் நிந்தையா? சிவப்பாக இருந்தால் தாய், கறுப்பாக இருந்தால் வேலைக்காரியா? உடம்பு கூசுகிறது, ஐயா!

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1600-களின் தொடக்கத்தில் ரோமாபுரியில் கரவாஜியோ என்ற முரட்டு மேதை, மாதாவின் மரணத்தை ஒரு மாதாகோவிலுக்காக வரைந்து கொடுத்தான். வீங்கிய உடல், வெறுங்கால், சாதாரணச் சிவப்பு உடை. செத்துப்போன ஏழைப் பெண் எப்படி இருப்பாளோ அப்படி. சாமியார்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். ரூபன்ஸ் என்ற மற்றொரு பெரிய ஓவியர் சொன்னதன் பேரில் மாந்துவா பிரபு அதை வாங்கிக்கொண்டார். இன்று பாரிஸில் லூவர் மண்டபத்தில் அதற்கு முன்னால் உலகம் நிற்கிறது.

கோவாவில் 1902-ல் பிறந்த ஆஞ்சலோ த பொன்சேகாவுக்கும் இதே கதிதான். வைத்தியப் படிப்பை விட்டுவிட்டு, சாந்திநிகேதனத்தில் அவனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போஸிடமும் கற்றவர். ஊர் திரும்பி மாதாவைப் புடவையில் வரைந்தார். சொந்த மதத்தாரே சீறினார்கள். கோவாவை விட்டுப் புனாவில் ஓர் ஆசிரமத்தில் ஒதுங்கி, 1967-ல் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார். தெய்வம் தங்களைப்போல இருக்கலாம் என்று நம்ப இவர்களுக்கு அப்படி என்ன பயம்? வெட்கமா? கண்ணாடியில் தன் நிறத்தைப் பார்க்கவே கூசுகிறவன் அந்த நிறத்தில் கடவுளை எப்படிப் பார்ப்பான்?

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை. எழுத்தாளனின் வீரம் பேனாவோடு சரி. "பையன் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங். அவன் என்னையப் பாத்துத்தானுங்க வரைஞ்சான்" என்றாள்.

பெரியவர் சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினார். அச்சுப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பினார். கையில் பையனின் சித்திரத்தை வைத்துக்கொண்டு, "இதை என்ன பண்ணட்டும் அம்மிணி?" என்றார்.

அவள் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாலயே இருக்கட்டுமுங்க" என்றாள்.

மாதாவின் முதுகில் மாதாவை வைத்து, அட்டையைப் பொருத்தி, ஆணி அடித்தார். கூலி கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, என் தகப்பனாரின் போட்டோவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.