மைதானத்தை நகர்த்துகிறார்களாம்! தெல்லிப்பழையைப் பாருங்கள்



தோட்டத்தில் வீட்டுத் திட்டம் என்றதும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது நம் பிள்ளைகள் கரப்பந்து விளையாடும் இடம்தான். சமதரையாக இருப்பது அது ஒன்றுதானே. "மைதானத்தை எடுக்கவில்லை, மேலே மாற்றித் திருத்தித் தருகிறோம்" என்பார்கள். வீடு கிடைத்தால் போதும் என்று நாமும் தலையாட்டுவோம். பிள்ளைகள் பெரட்டுக்களத்துக்கும் லயத்து வாசலுக்கும் போய்விடுவார்கள்.

இந்தப் பேச்சை நம்புமுன் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு தடவை பார்க்கவேண்டும். 1990 ஜூனில் யுத்தம் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர், மயிலிட்டி மீனவர், செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர், எல்லோரும்தான். வீடு, கோயில், பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. சில நாளில் திரும்பலாம் என்று போனவர்களில் பலர் மல்லாகம் கோணாப்புலம் போன்ற முகாம்களில் கால் நூற்றாண்டு கிடந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளைக்குத் திடல் ஏது? இரண்டு குடிசை வரிசைக்கு நடுவிலுள்ள ஒழுங்கைதான்.

யுத்தம் முடிந்தது 2009இல். ஆனால் 2013இல் 6,381 ஏக்கரைப் 'பொதுத் தேவை'க்கு எடுப்பதாக அறிவித்தல் வந்தது. காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் உல்லாச விடுதி எழும்பியது. யாருடைய பொழுதுபோக்கு அகற்றப்பட்டது, யாருடையது திருத்தப்பட்டது என்று நாம் சொல்லவேண்டியதில்லை. மக்கள் தெல்லிப்பழையில் தெருவுக்கு வந்தார்கள், வழக்குப் போட்டார்கள். காணி துண்டு துண்டாகத்தான் திரும்பியது. மயிலிட்டித் துறைமுகத்துக்கு 2017 வரை காத்திருந்தார்கள்.

அந்த மண்ணிலிருந்தும் பிள்ளைகள் எழுந்தார்கள். இடம்பெயர்ந்த வசாவிளான் மத்திய கல்லூரியில் படித்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் இலங்கைக்கு ஆசிய வலைப்பந்து கிண்ணம் வாங்கித் தந்தார். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண் பிள்ளைகள் உதைபந்தில் பெயர் எடுத்தவர்கள். 'வசதி இல்லாமலே சாதித்தார்களே' என்று சிலர் இதையே சாக்காக எடுப்பார்கள். ஒரு தர்ஜினி வந்தார். வரமுடியாமல் போனவர்களை யார் எண்ணினார்கள்?

நம் கணக்குக்கு வருவோம். கரப்பந்து மைதானம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். சுற்றி 3 மீற்றர் விட்டால் ஏறத்தாழ 14 பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் ஒன்றரைப் பரப்பு. ஏழு பேர்ச் வீட்டுக் காணி இரண்டு, அவ்வளவுதான். துரைமார் கிளப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்குச் சுற்றிடத்தோடு 26 பேர்ச் வேண்டும். அதை வீட்டுக்காக நகர்த்தச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை!

வீடா, மைதானமா என்று நம்மிடம் கேட்பதே பித்தலாட்டம். நிலம் அரசாங்கத்தினது. கம்பெனிகள் 1992இலிருந்து 53 வருடக் குத்தகைக்காரர்கள். காடு மண்டிக் கிடக்கும் தேயிலை மலையில் 14 பேர்ச் இல்லையா?

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இனி வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது. புது மைதானம் பேர்ச் கணக்கோடு வரைபடத்தில் இருக்கவேண்டும். மண் வெட்டி, கான் போட்டு, ஒரு மழை பெய்து பார்த்து, பிள்ளைகள் அதில் ஆடிய பிறகே பழையதில் அத்திவாரம் வெட்டலாம். லயத்துக்கு எட்டாத மேட்டில் இருட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால் பெண் பிள்ளைகள் போகமாட்டார்கள். விளக்கும் வேண்டும், கூப்பிடு தூரத்திலும் இருக்கவேண்டும். பராமரிப்பைப் பிரதேச சபை ஏற்கட்டும். 'தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரமில்லை' என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி இனித் தப்பமுடியாது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் திருத்தத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள்.