இறைமறுப்பாளர் கேட்கும் கேள்வி





நாத்திகர் ஒருவர் மதத்தைப் பற்றி வாய் திறந்தால் நம்மில் பலர் வெகுண்டெழுகிறோம். இறைவன் இருக்கிறான் என்பதற்கு ஆதாரங்களை அடுக்குகிறோம். அறிவியலைத் துணைக்கு அழைக்கிறோம். ஆனால் திண்டுக்கல்லில் நம்மோடு வாழும் இறைமறுப்பாளர் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. பேகம்பூரில் ஐவேளையும் ஒலிக்கும் பாங்கு, அதைக் கேட்டுத் தொழுது திரும்பும் மனிதரை எப்படி மாற்றியிருக்கிறது என்றே கேட்கிறார். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. விடையளிக்கும் கடமை நமக்கு உண்டு.

நம் ஊர்ப் பூட்டை எண்ணிப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. அதை வாங்குபவர் செய்தவரின் கொள்கையை விசாரிப்பதில்லை. பூட்டி இழுத்துப் பார்க்கிறார். நம் மார்க்கத்தையும் பிறர் அவ்வாறே சோதிக்கின்றனர்.

அச்சோதனையில் நாம் தேறினோமா? இந்நகரின் தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தின் பங்கு பெரிது. அத்தொழிலின் கழிவுநீர் சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் கெடுத்தது. 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தபோது, திண்டுக்கல் மாவட்டத்தின் தோல் ஆலைகளையும் சேர்த்தே பேசியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பிற சமயத்தாரும் அத்தொழிலில் இருந்தனர் என்று நாம் சொல்லலாம். தூய்மையை ஈமானின் பகுதியாகக் கற்றவர்கள் நாம் அல்லவா? கிணறு கெட்ட உழவருக்கு அந்தச் சமாதானம் எதற்கு உதவும்?

திருமணத்தையும் பாருங்கள். மணமகளுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நாமோ சிறு தொகையை மஹராக எழுதிவிட்டு, நகையையும் ரொக்கத்தையும் வாகனத்தையும் பெண் வீட்டாரிடம் பெறுகிறோம். அதே அத்தியாயம் மகளுக்கு வரையறுத்த சொத்துப் பங்கை, சீர் செய்தாயிற்று என்ற ஒரு சொல்லால் மறுக்கிறோம்.

இக்குறைகள் மதத்தால் விளைந்தவை என்பது இறைமறுப்பாளரின் வாதம். மார்க்கத்தைக் கைவிட்டதால் விளைந்தவை என்பது நம் வாதம். நம் வாதமே உண்மை என்று உறுதியாக நம்புகிறோம். ஆயினும் நாம் திருந்தாதவரை அவ்வாதத்தை அவர் எதைக் கண்டு ஏற்பார்?

தந்தை பெரியார் கடவுளை மறுத்தவர். ஆயினும் இன இழிவு நீங்க இஸ்லாமைத் தழுவலாம் என்று ஒடுக்கப்பட்ட மக்களிடம் எடுத்துரைத்தவர். நம்மிடையே நிலவிய சமாதி வழிபாட்டையும் சந்தனக்கூட்டையும் கண்டிக்க அவர் தயங்கவில்லை. நம் முன்னோர் அவரை மீலாது மேடைகளுக்கு அழைத்து அமர்ந்து கேட்டனர். அதே காலத்தில் பா. தாவூத் ஷா தம் 'தாருல் இஸ்லாம்' இதழில் சமுதாயத்துக்குள்ளிருந்தே மூடப்பழக்கங்களைச் சாடினார். வெளியிலிருந்து வந்த கண்டனத்துக்கு அஞ்சாத சமுதாயமாக நாம் இருந்தோம்.

அத்தகைய தமிழகத்தில்தான் 16.3.2017 அன்று கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பை ஏற்று, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கியவர் அவர். கைதானவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். மகனை இழந்த தந்தை, தாமும் அவ்வியக்கத்தில் சேரப்போவதாக அறிவித்தார். கத்தி எடுத்தவர்கள் யாருடைய ஈமானைக் காத்தார்கள்?

கொலை தவறுதான், ஆனால் அவர் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று இன்றும் சிலர் இழுக்கின்றனர். அந்த 'ஆனால்' நம் நாவில் வரலாகாது. மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பது அல்பகராவின் 256ஆம் வசனம் தரும் போதனை. படைத்தவன் தந்த அவகாசத்தைப் பறிக்க நமக்கு அதிகாரம் ஏது?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு நமக்கு வழிகாட்டுகிறது. மக்காவில் அவர்களின் தூதை மறுத்தவர்களும் தம் பொருள்களை அவர்களிடமே அமானிதமாக வைத்திருந்தனர். கொல்லச் சதி செய்யப்பட்ட இரவில் ஊரை விட்டுப் புறப்பட்டபோதும், அப்பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். நம்பாதவர்களும் நம்பிய மனிதர் அவர்கள்.

நம் அண்டை வீட்டு நாத்திகர் தம் வீட்டுச் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் செல்வாரா? இந்த ஜும்ஆவுக்குச் செல்லுமுன் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் திருமண தஃப்தரைப் புரட்டிப் பார்க்கட்டும். அவரது கேள்விக்கு உரிய விடை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சொல்லும் செயலும் ஒன்றாக வாழும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.