இல்லற நலம்: ஹார்மோன் சோதனைத் தாளைப் படிக்கும் முறை



ஆடவர் வாய்விட்டுச் சொல்ல நாணும் குறைகளுள் ஒன்று, தாம்பத்திய நாட்டம் குன்றிப்போவதாகும். சொந்த ஊராயின் அண்ணனிடமோ மைத்துனரிடமோ சாடையாகவேனும் கூறலாம். பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலம் வந்த நமக்கு அதற்கும் ஆளில்லை. கணவன் வாய்மூடிக் கிடக்கிறான். மனைவியோ, தன்மீது அன்பு அற்றுவிட்டதென எண்ணி உள்ளம் குமைகிறாள். இந்த மௌனத்தை முதலாக வைத்தே லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்போர் வயிறு வளர்க்கின்றனர். ஆதலின் இம்மாதம் இதனைப் பற்றி வெளிப்படையாகவே எழுதத் துணிந்தோம்.

நாம் வைத்தியர் அல்லோம். ரயில்வேயில் பேனா பிடிப்பவரே. எனினும் சோதனைத் தாளில் உள்ள எண்களின் பொருளை ஓரளவு அறிந்து சென்றால், வைத்தியரிடம் தக்க கேள்விகளைக் கேட்கலாமன்றோ?

முதலாவது, இரத்தம் எடுத்த நேரம். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். எனவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பதே முறை. காய்ச்சல் முதலிய நோயுற்ற நாட்களில் கொடுத்தலாகாது. இரவு டியூட்டி பார்ப்போர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறி, நன்கு உறங்கிய நாளாகப் பார்த்துக் கொடுப்பது நலம். 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாரம் ஐந்து மணி நேரமே உறங்கிய இளைஞர்களுக்குக்கூட இந்த ஹார்மோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது.

இரண்டாவது, அளவு. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருப்பின் குறைவு என்று வைத்தியர் பலர் கொள்கின்றனர். சில சோதனைச்சாலைகள் நானோமோல் கணக்கில் எழுதும். அக்கணக்கில் இது ஏறத்தாழ 10.4 ஆகும். ஒரே தாளைக் கண்டு கலங்க வேண்டா. வேறொரு நாள் காலையிலும் சோதித்து, இருமுறையும் குறைந்திருந்து, உடலிலும் குறிகள் தென்பட்டால்தான் அது குறைபாடு.

மூன்றாவது, இந்த ஹார்மோனின் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள புரதங்களோடு பிணைந்தே திரிகிறது. தனித்து உலவுவது நூற்றில் இரண்டு பங்கு அளவே. உடற்பருமனும் நீரிழிவும் உள்ளோர்க்கு எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதம் குறைவதால் மொத்த அளவும் தாழ்ந்து காணும். முதுமையிலும் ஈரல் நோயிலும் அப்புரதம் மிகுவதால், மொத்த அளவு சரியாகத் தோன்றியும் பயன்படும் பங்கு குறைந்திருக்கலாம்.

நான்காவது, எல்.எச். இதனை நம் அலுவலக வழக்கிலேயே விளக்கலாம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தலைமை அலுவலகம், விரைகள் ஸ்டேஷன், எல்.எச். என்பது தலைமையகத்தின் தாக்கீது. ஸ்டேஷனில் வேலை நடவாவிடில் தாக்கீதின்மேல் தாக்கீது பறக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். மிகுந்திருந்தால் பழுது விரைகளில் எனலாம். இரண்டுமே குறைந்திருந்தாலோ, எல்.எச். உயராமல் நின்றாலோ, கோளாறு மேலிடத்தில் இருக்கலாம்.

ஐந்தாவது, புரோலாக்டின். இது மிகுந்தால் நாட்டம் அவியும். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநோய்க்குரிய சில மருந்துகள் ஆகியவற்றாலும் இது உயரும். எனவே உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் வைத்தியரிடம் கூறுக. தாமாக எதனையும் நிறுத்தலாகாது. சிலருக்குப் பிட்யூட்டரியில் சிறு கட்டி காரணமாகலாம். அதுவும் பெரும்பாலும் மாத்திரைக்கே அடங்கும். தைராய்டையும் சர்க்கரையையும் உடன் சோதிப்பது நன்று.

எல்லா எண்களும் சரியாக இருந்தும் குறை நீங்காதோர் பலர். மனச்சோர்வு, கடன், குடி, தூக்கமின்மை, தம்பதியர் மனத்தாங்கல் ஆகிய இவற்றை எந்தச் சோதனைத் தாளும் காட்டாது.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி, வெளியிலிருந்து வந்த சரக்கைக் கண்டு தலைமையகம் தாக்கீதை நிறுத்துவதுபோல், எல்.எச்.சை அடக்கி விந்தணு உற்பத்தியைக் குன்றச் செய்யும். மகப்பேற்றை விரும்புவோர் இதனை அறியாது ஊசி போட்டுக்கொண்டால், வேண்டிய செல்வமே தள்ளிப்போகும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறவும் கூடும். ஆதலின் வைத்தியரின் கண்காணிப்பின்றி இதனைத் தொடலாகாது.

சகோதரிகளுக்கும் ஒரு சொல்: கணவர் விலகி நிற்பது வெறுப்பினால் அன்று, நோயினாலும் ஆகலாம். சோதனைத் தாளை இருவருமாக எடுத்துச் சென்று வைத்தியரைக் காணுங்கள். மறைத்து வைப்பதால் தீர்ந்த நோய் உலகில் இல்லை.

அடுத்த இதழில் உறக்கத்தைப் பற்றி எழுதுவோம்.