பூட்டு புதிது, சாவி யாரிடம்?

டெண்டர் பெட்டியைக் கண்டறிந்த தோழர்கள் நம்மில் ஏராளம். அரக்கு முத்திரை வைத்த உறை, பூட்டிய பெட்டி, அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேண்டாதவனை விரட்ட நாலு தடியர்கள்! அந்தப் பெட்டி ஒழியட்டும். அதற்காகக் கண்ணீர் சிந்துவோர் நாமல்லர்.

சர்க்கார் கொள்முதலுக்கென்று ‘ஜெம்’ என்னும் மின்னணுச் சந்தை 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, அங்கே கிடைக்கும் சரக்கை மத்திய அரசுத் துறைகள் அங்கேயே வாங்கவேண்டும் என்று பொது நிதி விதிகள் கூறிவிட்டன. சந்தை தயார், சட்டம் தயார். அலுவலகம் தயாரா? அதைத்தான் கேட்கிறோம்.

அந்த ஏற்பாட்டில் ஒருவர் வாங்குவார். இன்னொருவர் சரக்கைப் பார்த்து ஏற்புச் சான்று பதிவார். வேறொருவர் பணம் வழங்குவார். அவரவர்க்குத் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். எல்லாவற்றையும் ஒரே கை செய்யக்கூடாதல்லவா? நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால், பயிற்சி தராத அலுவலகத்தில் என்ன ஆகும்? அதிகாரிக்குக் கணினி ஆகாது. கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குமாஸ்தாவிடம் நீட்டுவார். கிடங்குப் பொறுப்பாளரும் அப்படியே. மூன்று சாவியும் ஒரே மேசை இழுப்பறையில்! நாளை தணிக்கை வந்தால் அகப்படுவது யார்? பதவிக்குரிய பெரியவரா, அவர் பெயரால் விசையைத் தட்டிய சிற்றூழியரா?

இயந்திரத்தில் ஏறிவிட்டால் தில்லுமுல்லு நடக்காது என்பாரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மின்னணு டெண்டர்களில் தொகையே திருத்தப்பட்டதென 2018-இல் புகார் கிளம்பி, 2019-இல் வழக்கும் பதிவானதை அவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. சரக்கு கிடங்கில் இறங்கியிருக்கும். ஏற்புச் சான்று கணினியில் ஏறியிருக்காது. அது ஏறாதவரை பில் நகராது. பத்துப் பேரை வைத்து அம்பத்தூரில் பட்டறை நடத்துபவர் சனிக்கிழமைக் கூலிக்கு எங்கே போவார்? அந்தப் பத்துப் பேரின் வீட்டு அடுப்பு, கிடங்கிலே பதியாமல் விட்ட ஒரு பதிவுக்காகக் காத்திருக்கவேண்டுமா?

ஆகவே அலுவலகத் தோழர்களே, கேளுங்கள்! பயிற்சி எத்தனை நாள்? எத்தனை பேருக்கு? வேலை நேரத்திலா, விடுமுறையைத் தின்றா? தமிழிலா, புரியாத மொழியிலா? கடவுச்சொல்லை இரவல் தரும் அதிகாரி மீது என்ன நடவடிக்கை? சங்கத்தின் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.