கங்காபல் ஏரிக்குப் புறப்படுமுன்

 

கல்லூரியில் பயிலும் வாலிபர் ஒருவரின் தந்தை எழுதிய கடிதம் இம்மாதம் வந்திருக்கிறது. மகனும் அவருடைய தோழர் நால்வரும் வரும் ஜூலையில் காஷ்மீருக்குச் சென்று, கங்காபல் என்னும் மலையேரிவரை நடந்து போய்வரத் திட்டமிட்டுள்ளனராம். தாயார் ஒரே பிடியாக மறுக்கிறாராம். "அனுப்பலாமா, கூடாதா?" என்று அந்தச் சகோதரர் கேட்கிறார்.

இறைவனின் படைப்பாற்றலைக் காணப் பூமியில் பயணம் செய்யத் தூண்டுவது நம் மார்க்கம். ஆகவே பிள்ளைகளின் ஆசை குற்றமன்று. அதற்காக அந்தத் தாயாரின் அச்சமும் வீண் அச்சமன்று. அனுமதி தருமுன் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "வழியில் ஒருவனுக்கு முடியாமற் போனால், 'திரும்புவோம்' என்று சொல்ல வேண்டியவன் யார்?" இதற்கு ஐவரும் ஒரே விடை சொன்னால் அனுப்பலாம். ஆளுக்கொரு விடை சொன்னால் பயணப்பை இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கங்காபல் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,570 மீட்டர் உயரத்தில், 5,142 மீட்டர் உயர்ந்த ஹர்முக் சிகரத்தின் அடிவாரத்தில் உள்ளது. நமக்குத் தெரிந்த மலை உதகை. அங்குள்ள தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான். அதற்கும் மேலே ஏறத்தாழ 930 மீட்டர் உயரத்தில் அந்த ஏரி கிடக்கிறது. அங்கே ஒரு மூச்சில் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அவகாசம் கேட்கும். அவகாசம் கொடாதவருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை எனத் தொல்லை தொடங்கும். அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், நேராக நடக்க இயலாமல் தள்ளாடுவதும் அதன் அடையாளங்கள். அந்நிலையில் தலையாய சிகிச்சை கீழே இறங்குவதே. இரவானாலும் தாமதிக்கலாகாது, நோயாளியைத் தனியே அனுப்பவும் கூடாது. வலுவுள்ள இளைஞனுக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். வலு இருப்பதாலேயே அவன் வேகமாக ஏறிவிடுகிறான்.

ஏரிக்குரிய பாதை நாரநாக் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து கங்கன் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர். நாரநாக்கின் உயரம் சுமார் 2,200 மீட்டர். அங்கிருந்து ஏரிவரை நடைதூரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். காட்டினூடே செல்லும் முதற்பாதி செங்குத்தானது, பிறகு புல்வெளிகள். தூரத்தை மட்டும் பார்த்து, "ஒரே நாளில் போய்விடலாம்" என்று வாலிபர்கள் கணக்குப் போடுவார்கள். போய்விடலாம்தான்; அன்றிரவு படுக்கும்போதுதான் உயரம் தன் கணக்கைக் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தைய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உறங்கலாகாது என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. ஆகவே முதலில் 2,700 மீட்டருக்கு மேற்பட்ட சோனாமார்கில் இரண்டு இரவுகள் தங்கிச் சிறு நடை பழகிவிட்டு நாரநாக் வரட்டும். ஏறும்போது இடைவழியில் ஓர் இரவு கூடாரமிடட்டும். மாத்திரைகள் உண்டு, மருத்துவரைக் கேளாமல் விழுங்கலாகாது.

இனி அமீர் விஷயம். மூவர் சேர்ந்து பயணம் போனாலே ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை நாம் மக்தபிலேயே ஓதினோம். மலையில்தான் அதன் பொருள் முழுமையாக விளங்கும். வேகமாக நடப்பவனை அமீராக்க வேண்டாம். மெதுவாக நடப்பவனைத் திரும்பிப் பார்ப்பவனை ஆக்குங்கள். பிற்பகலில் மேகம் திரண்டு மழை வருவது அங்கே வழக்கமாதலால், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை ஊரிலேயே பேசி முடிவு செய்யட்டும். ஏரி கண்ணுக்குத் தெரிந்தாலும், அமீர் சொன்னால் திரும்ப வேண்டும்.

தொழுகையைப் பற்றியும் அந்தச் சகோதரர் கேட்டிருக்கிறார். கஸ்ரு உண்டு. ஷாஃபி மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் அந்தந்த வேளையில் தொழுவர். கடுங்குளிரில் தயம்மும் செய்யலாமா என்றால், கூடாரத்தில் தேநீருக்கு அடுப்பு எரியும்போது வுளூவுக்கு நீர் சூடாக்க முடியாதா என்று நான் திருப்பிக் கேட்பேன்! வுளூவோடு அணிந்த தோலுறையின் மேல் பயணி மூன்று பகலும் மூன்று இரவும் மஸஹ் செய்யலாம். தங்கள் காலணி அதற்குரிய நிபந்தனைகளைக் கொண்டதா என்பதைப் புறப்படுமுன் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று பலருக்குத் தோன்றாது. தமிழகத்தில் நாம் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பி நிற்கிறோம். காஷ்மீரில் கிப்லா மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே. ஊர்ப் பழக்கத்தில் நிற்க வேண்டாம். ஒரு திசைகாட்டி கையிலிருக்கட்டும்.

உணவுக்குக் கவலையில்லை. ஆனால் அவ்வுயரத்தில் நீர் சுமார் 88 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு எளிதில் வேகாது. சிறிய பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் ரொட்டியே துணை. கோடையில் ஆடுகளோடு மலையேறிவரும் குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் நம் சகோதர முஸ்லிம்கள். ஸலாம் சொன்னால் உப்புத் தேநீர் கிடைக்கக்கூடும். அந்த ஏரி காஷ்மீரப் பண்டிதர்களுக்குப் புனிதத் தலம் என்பதையும் பிள்ளைகள் மறக்கலாகாது. சோப்பு நுரையும் பாலிதீன் உறையும் அந்நீரில் சேரவே கூடாது.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே 26 பேர் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பயணிகளைக் காக்க முயன்று உயிரிழந்த உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவரும் அவர்களுள் அடக்கம். அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, சில படிப்படியாகத் திறக்கப்பட்டன. ஆகவே அவ்வாண்டு நடைபாதைக்கு அனுமதி உண்டா என்பதை அரசுச் சுற்றுலா அலுவலகத்தில் உறுதி செய்துகொண்ட பின்பே பயணச்சீட்டு வாங்கட்டும். அடையாள அட்டையின் அசல் அவசியம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் சுமை தூக்க ஒரு குதிரையும் இல்லாமல் போக வேண்டாம். குதிரைக்காரரிடம் நூறு ரூபாய்க்கு வாதாடவும் வேண்டாம்.

இறுதியாக, திரும்பும் ரயில் சீட்டு. மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் ரயில் ஏறும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் வெறுமனே கிடக்கட்டும். "நாளை ரயில் போய்விடும்" என்ற நெருக்கடி இருந்தால், மழையிலும் தலைவலியிலும் ஓய்ந்து உட்கார எந்த அமீராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு நாளுக்கான அறை வாடகையைத் தந்தையர் ஐவரும் பகிர்ந்து கொடுத்துவிடுங்கள்.